அலகிடும் பொறி

கூட்டுதல், பெருக்குதல் என்னும் இரண்டு சொற்களுக்கும் தமிழிலே இவ்விரண்டு பொருள் உண்டு. ஒரு பொருள் கணக்கைச் சார்ந்தது. மற்றது குப்பையைச் சார்ந்தது. யாழ்ப்பாணத்தார் வீட்டைக் கூட்டுவர்; தமிழகத்தாருட் பலர் வீட்டைப் பெருக்குவர். கணக்கிலே கூட்டினும் பெருக்கினும் தொகை ஏறும். வீட்டிலே கூட்டினும் பெருக்கினும் குப்பை குறையும். இந்த முரணை வகுப்பிலே சொல்லும்போது மாணவர் நகைப்பது வழக்கம். சென்ற ஆண்டு ஒரு மாணவன் நகைத்ததோடு நில்லாமல், "ஐயா, கணக்குக் கூட்டுற கணினிதான் இப்ப வீடும் கூட்டுதாம்" என்றான். அவன் சொன்னது விளையாட்டன்று, உண்மை. அந்தக் கணினியுள் ஒன்று அப்பொழுதே எங்கள் வீட்டு மண்டபத்திலே ஓடிக்கொண்டிருந்தது.

அதற்கு நல்ல தமிழ்ப் பெயர் ஒன்று வேண்டும். அலகு என்பது துடைப்பத்துக்குப் பழைய பெயர். திலகவதியார் திருவதிகைக் கோயிலிலே திருவலகும் திருமெழுக்கும் இட்ட வரலாற்றைப் பெரியபுராணம் கூறும். கூட்டுதலும் மெழுகுதலும் ஆகிய அவ்விரு தொண்டுகளையே இப்பொறியும் செய்கின்றது. பறவையின் மூக்குக்கும் அலகு என்று பெயர். இப்பொறியின் முன்பக்கத்திலே ஒரு சிறு தூரிகை சுழன்று சுழன்று குப்பையைக் கொத்தி உள்ளே தள்ளுகின்றது. ஆதலின் அலகுப்பொறி என்று யான் பெயரிட்டேன். என் மனைவி மட்டும் அதனை "ஆமை" என்றே அழைக்கின்றாள். உருவத்தை நோக்கின் அவள் இட்ட பெயரே பொருத்தமானது.

ரோபோ என்னும் பெயரின் வரலாறும் அறியத் தக்கது. செக் நாட்டு எழுத்தாளர் கரெல் சாப்பெக் 1920இல் எழுதி வெளியிட்ட நாடகத்திலேதான் அது முதலில் தோன்றியது. அச்சொல்லை அவருக்கு எடுத்துக் கொடுத்தவர் அவர் உடன்பிறந்தார் யோசெப். செக் மொழியிலே 'றொபோத்தா' என்பது குடியானவன் நிலவுடைமையாளனுக்குக் கூலியின்றிச் செய்த கட்டாய வேலை. நம் நாட்டிலே இராசகாரியம் என்று வழங்கியதும் ஏறக்குறைய அத்தகையதே. அது 1832இல் கட்டளை வாயிலாக ஒழிக்கப்பட்டது. ஊழியம் ஒழிந்த நாட்டிலே ஊழியன் என்னும் பெயரைச் சுமந்துகொண்டு ஒரு பொறி வந்து புகுந்திருக்கின்றது.

எங்கள் வீட்டுக்கு அது வந்த காரணம் ஆடம்பரமன்று. என் மனைவிக்கு முள்ளந்தண்டிலே நோ. குனிதல் ஆகாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். குனியாமற் கூட்டத் தும்புத்தடி உண்டு. ஆயினும் கட்டிலின் கீழும் அலுமாரியின் கீழும் குனியாமல் யார் கூட்டுவர்? கிழமைக்கு இரண்டு நாள் ஓர் அம்மையார் வந்து உதவுவார். எஞ்சிய ஐந்து நாளும் அவள் வைத்தியர் சொல்லை மறப்பாள். இரவிலே நோவினால் நினைப்பாள். இதனைத் தொலைபேசியிலே கேட்டுக்கொண்டிருந்த மகள் ரொறன்ரோவிலிருந்து ஒன்றை அனுப்பிவிட்டாள்.

வெளிநாட்டிலிருந்து இத்தகைய பொருளைப் பெறுவோர் முதலிலே செய்ய வேண்டியது ஒன்றுண்டு. கனடாவிலே வீட்டு மின்சாரம் 120 வோல்ற்று, இலங்கையிலே 230. மின்னேற்றியின் அடியிலே பொடி எழுத்திலே பொறித்திருப்பதைக் கண்ணாடி அணிந்து வாசித்தல் வேண்டும். 100 முதல் 240 வரை என்றிருப்பின் அச்சமில்லை. பிளக்கை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். 120 என்று மட்டும் இருப்பின் சுவரிலே செருகுதல் கூடாது. எங்களுக்கு வந்தது முதல் வகை.

இப்பொறியின் வமிசாவளி நீண்டதன்று. சுவீடன் நாட்டு எலெக்ற்ரோலக்ஸ் நிறுவனம் 2001இல் ஒன்றை விற்பனைக்கு விட்டது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் ட்ரைலோபைற். பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியிலே ஊர்ந்து திரிந்து அழிந்தொழிந்த ஓர் உயிரின் பெயர். பெயரிடுதலிலே அவர்களும் பண்டிதரே. மறு ஆண்டு, 2002இல், அமெரிக்க நிறுவனமாகிய ஐரோபோட் ரூம்பா என்பதனை 199 டொலர் விலைக்கு வெளியிட்டது. அந்நிறுவனத்தை 1990இல் தொடங்கிய மூவருள் ஒருவர் ரொட்னி புறூக்ஸ் என்னும் அறிஞர். பொறி நடமாடுவதற்கு உலகம் முழுவதையும் அதன் மூளையிலே வரைந்து கொடுக்க வேண்டியதில்லை. பூச்சியைப் போல, முட்டினால் விலகு, பள்ளம் கண்டால் திரும்பு என்னும் சிறு சிறு விதிகளே போதும் என்பது அவர் கொள்கை. முதல் ரூம்பா அப்படியே நடந்தது. ஒழுங்கின்றித் திரிவது போலத் தோன்றும். ஆயினும் நெடுநேரம் திரிந்தால் பெரும்பாலான இடத்தை மிதித்துவிடும்.

இக்காலத்துப் பொறிகளுட் பல அவ்வாறு திரிவதில்லை. தலையிலே ஒரு சிறு கோபுரம் சுழலும். அதிலிருந்து செல்லும் லேசர்க் கதிர் சுவரிலும் கதிரைக் காலிலும் பட்டு மீளும். அதைக் கொண்டு தூரத்தை அளந்து, வீட்டின் படத்தைத் தானே வரைந்து, தான் நிற்கும் இடத்தையும் அப்படத்திலே குறித்துக்கொண்டு, உழவன் சால் விட்டது போல வரிசை வரிசையாகச் செல்லும். இக்கோபுரத்தால் ஒரு குறையும் உண்டு. பொறியின் உயரம் ஏறத்தாழப் பத்துச் சென்ரிமீற்றர் ஆகிவிடுவதால், பழைய அலுமாரிகளின் கீழே அது புகாது. கட்டிலின் கீழே தாராளமாகப் புகும். வாயிற்படி இரண்டு சென்ரிமீற்றருக்கு மேற்பட்டால் ஏறாது. எங்கள் முன்னோர் அமைத்த நிலைப்படிகளோ பொறியை எண்ணி அமைத்தவை அல்ல. ஆகவே அறைக்கு அறை அதனைத் தூக்கி வைக்கும் தொழில் எனக்கு வாய்த்திருக்கின்றது.

இனி, எங்கள் வீட்டு நிலத்திலே நிகழ்ந்த ஒரு புதுமை. பழைய வீடுகளிலே சிவப்புச் சீமெந்து நிலமும், சுவரோரத்திலே ஒரு சாண் அகலக் கறுப்புக் கரையும் இருக்கும். எங்கள் பொறி சிவப்பிலே நன்றாக ஓடியது. கறுப்புக் கரையைக் கண்டதும் பேயைக் கண்டது போலப் பின்வாங்கியது. பொறியின் வயிற்றிலே சில கண்கள் உண்டு. அவை அகச்சிவப்பு ஒளியைக் கீழே செலுத்தும். ஒளி நிலத்திலே பட்டு மீண்டால் நிலம் உண்டு. மீளாவிட்டால் படிக்கட்டு, விழுந்துவிடுவோம் என்று பொறி கொள்ளும். கறுப்பு நிறம் ஒளியை விழுங்கிவிடுகின்றது. ஆதலால் பொறிக்குக் கறுப்பெல்லாம் பாதாளம்.

அந்தக் கண்களின் மீது வெள்ளைக் கடதாசியை ஒட்டிவிட்டால் பயம் தெளிந்துவிடும் என்று ஓர் அன்பர் உபாயம் சொன்னார். உபாயம் பலிக்கும். ஆனால் கண்ணை மறைத்த பொறி மெய்யான பள்ளத்தையும் அறியாது. எங்கள் விறாந்தைக்கு ஐந்து படிகள் உண்டு. யான் ஒட்டவில்லை. கறுப்புக் கரையை உதவிக்கு வரும் அம்மையாரே கூட்டுகின்றார். அவர் முதல் நாளே பொறியைக் கண்டு ஒரு குறை சொல்லிவிட்டார்: "ஐயா, வட்டமான சாமான் மூலை கூட்டாது." கேத்திரகணித ஆசிரியர் ஒருவர் இதனினும் சுருக்கமாகச் சொல்லமாட்டார். மூலையும், ஒட்டறையும், படியும், மண் முற்றமும் இன்றும் அவருடையவை. அவருக்குரிய நாளையோ கூலியையோ நாங்கள் குறைக்கவில்லை. பொறி பறித்துக்கொண்டது என் மனைவி குனிந்த ஐந்து நாட்களை மட்டுமே.

மெழுகும் வேலையைப் பற்றி வேறாகச் சொல்லல் வேண்டும். பொறியின் பின்புறத்திலே ஒரு நீர்த்தொட்டியும் ஒரு துணியும் உண்டு. துணி நனைந்து நிலத்தைத் துடைத்துக்கொண்டே செல்லும். மெல்லிய ஈரம் சிறிது நேரம் நிற்கும். பளபளப்பான சீமெந்திலே அந்த ஈரம் கண்ணுக்குத் தோன்றாது. எங்கள் வீட்டிலே என் தாயார் இருக்கின்றார். எண்பத்து நான்கு வயது. கைத்தடி ஊன்றி நடப்பவர். மகள் தன் தொலைபேசியிலே பொறிக்குக் காலை பத்து மணி என்று நேரம் குறித்திருந்தாள். அந்தப் பத்து மணி ரொறன்ரோவின் பத்து மணி. மார்கழி மாதத்திலே அது எங்களுக்கு இரவு எட்டரை. தாயார் தண்ணீர் குடிக்க எழுந்து வரும் வேளையிலே, இருட்டிலே, பொறி தானே விழித்து ஈரத் துணியோடு அவரை நோக்கி வந்தது. அவர் நிலையைப் பற்றிக்கொண்டு நின்றார். யான் ஓடிச் சென்று பொறியைத் தூக்கினேன். "தம்பி, இது ஏன் என்னைச் சுத்திச் சுத்தி வருகுது?" என்றார். அந்த வயதிலே ஒரு முறை வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தால் பிறகு கட்டிலே கதி.

அன்றே நேரக் குறிப்பை நீக்கச் சொன்னேன். இப்போது பொறி தானாகப் புறப்படுவதில்லை. பிற்பகலிலே தாயார் கொல்லைப்புறத்து மாமரத்தின் கீழே அமர்ந்திருக்கும்போது யான் பொத்தானை அழுத்துவேன். வேலை முடிந்தபின் மின்விசிறியைச் சுழலவிட்டு, உள்ளங்கையால் நிலத்தைத் தடவிப் பார்த்தபின்னரே அவரை அழைப்பேன். முதியோர் உள்ள வீட்டார் எவராயினும் இவ்வொன்றை மட்டும் மறவாதிருத்தல் வேண்டும்.

இந்நிகழ்ச்சியைக் கேட்டு மகள் கலங்கினாள். கலங்கியவள், "அப்பா, கமரா உள்ள ஒன்று அனுப்புறன். அப்பாச்சி விழுந்தாரோ, எழும்பினாரோ என்று நான் இங்கேயிருந்து பார்க்கலாம்" என்றாள். அன்பினாற் சொன்ன சொல். எனினும் யான் உடன்படவில்லை. 2022 மார்கழியிலே ஓர் அமெரிக்கச் சஞ்சிகை வெளியிட்ட செய்தி என் நினைவில் இருந்தது. பரிசோதனைக்காகச் சில வீடுகளிலே விடப்பட்ட ரூம்பாக்கள் எடுத்த படங்கள், அவற்றைத் தரம் பிரிக்கும் கூலி வேலை செய்தோர் வழியாக வெளியே கசிந்தன. மலசலகூடத்திலே அமர்ந்திருந்த ஒரு பெண்ணின் படமும் அவற்றுள் ஒன்று. அவ்வீட்டார் எழுத்திலே உடன்பட்டவர்கள் என்று நிறுவனம் விடையளித்தது. உடன்பட்டது பொறியைத் திருத்துவதற்கு. ஊரார் காண்பதற்கு அன்று. 2024இலே வேறொரு நிறுவனத்தின் பொறிகள் சிலவற்றை அமெரிக்காவிலே முகமறியாதார் கைப்பற்றி, அவற்றின் வாயால் வீட்டாரை இழிசொற்களால் ஏசவும் செய்தனர்.

பார்க்கப்படுபவரைக் கேளாமல் யாமிருவர் வழக்காடுதல் முறையன்று என்று தோன்றியது. தாயாரையே கேட்டேன். அவர் சிறிது யோசித்து, "பிள்ளை பார்க்கட்டும். ஆனால் நான் முகம் கழுவி, சீலை மாத்தி இருக்கிற நேரத்திலை பார்க்கட்டும்" என்றார். அதன்படி மாலை ஆறு மணிக்குக் கைத்தொலைபேசியிலே இருவரும் முகம் பார்த்துப் பேசுகின்றனர். கமராப் பொறி வரவில்லை. மகளுக்கு இன்னும் மனக்குறைதான்.

தூரத்துக் கணினியை நம்பி ஓடும் பொறிக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. தாய் நிறுவனம் இறந்தால் பிள்ளையும் நோயுறும். லேசர்ப் பொறியை 2010இல் வீடுகளுக்குக் கொண்டுவந்த நீற்றோ என்னும் நிறுவனம் 2023இல் மூடப்பட்டது. ரூம்பாவைப் பெற்ற ஐரோபோட்டை அமேசன் 170 கோடி டொலருக்கு வாங்க 2022இல் பேசி, 2024 தையிலே கைவிட்டது. 2025 மார்கழியிலே அந்நிறுவனம் கடனிறுக்க மாட்டாமல் நீதிமன்றத்தை நாடியது. ஆதலின், தொலைபேசியின் உதவியின்றிப் பொத்தானை அழுத்தினாலும் வேலை செய்யுமோ என்று கேட்டு வாங்குதல் நன்று.

பராமரிப்பு என்பது பொறியைப் பெற்றோர் பெரிதும் மறக்கும் விடயம். நீள் கூந்தல் உள்ள வீட்டிலே அடித்தூரிகையின் இரு நுனிகளிலும் மயிர் சுற்றிக் கயிறாகிவிடும், தும்பும் அவ்வாறே. கிழமைக்கு ஒருமுறை தூரிகையைக் கழற்றிக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தல் வேண்டும். முன்சில்லையும் இழுத்துக் கழற்றி அதன் அச்சைப் பார்த்தல் வேண்டும். வயிற்றுக் கண்களையும், மின்னேற்றும் செப்புத் தகடுகளையும் உலர்ந்த துணியாலே துடைத்தாற் போதும். தூசு வடிக்கும் வடியைத் தட்டித் தூசு நீக்குக. கழுவத் தக்கது என்று குறித்திருந்தால் மாத்திரம் நீரிலே அலசி, ஒரு நாள் முழுதும் உலரவிடுக. ஈரத்தோடு இட்டாற் பூஞ்சணம் பிடிக்கும். சுவாமி அறையிலே சிந்திய திருநீற்றைப் பொறியிடம் விடுதல் கூடாது. அத்துணை நுண்ணிய சாம்பல் வடியின் துளைகளை அடைத்துவிடும். அதனைக் கையால் எடுப்பதே மரியாதையும் ஆகும்.

மின்சாரம் நின்றாலும் பொறி பற்றரியிலே ஓடும். ஆனால் வீடு திரும்பும் வழியைக் காட்டுவது மின்னேற்றும் பீடம் விடுக்கும் ஒளிச் சைகை. மின்சாரம் இல்லையேல் அச்சைகையும் இல்லை. 2025 மாசி 9ஆம் நாள் பாணந்துறை உபமின் நிலையத்திலே ஒரு குரங்கு புகுந்ததால் நாடு முழுவதும் இருண்டது என்று அமைச்சர் கூறினாரன்றோ? அத்தகைய நாளிலே பொறி கட்டிலின் கீழே ஓய்ந்து கிடக்கும். தடியால் இழுத்தெடுக்க வேண்டியதுதான். அதற்கும் குனிய வேண்டும், யான் குனிவேன்.

நீர்த்தொட்டியிலே பினைல் முதலியன விடுதல் கூடாது. உள்ளிருக்கும் குழாய்களையும் இறப்பர்களையும் அவை அரிக்கும். எங்கள் நாட்டிற்கு உரிய தொல்லை வேறொன்று. யாழ்ப்பாணக் கிணறுகள் சுண்ணக்கல்லைத் தோண்டியவை. நீரைக் கொதிக்கவைக்கும் கேத்திலின் அடியிலே வெள்ளைப் பொருக்குப் படிவதை யாவரும் அறிவர். அந்தச் சுண்ணாம்பு பொறியின் ஊசித் துளைகளிலும் படிந்து நீரை மறிக்கும். கொதித்தாறிய நீரின் மேற்தெளிவை ஊற்றினால் படிவு குறையும். யான் மாரிக்காலத்திலே கூரை நீரைப் பிடித்து, துணியால் வடித்து, போத்தல்களில் அடைத்து வைத்திருக்கின்றேன். பங்குனி வரையும் அது போதும். பின்னர் கேத்தில் நீர்தான்.