கறுப்பு மருதாணி

இலையுதிர் காலம் நம் மலேசியாவில் இல்லை. தீபாவளிதான் நமது அலங்காரப் பருவம். பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளானிலும் மருதாணி இடுவோர் முன்னே பெண்கள் வரிசை பிடிப்பதை நாம் பார்க்கிறோம்.

மருதாணி இலையில் லாசோன் என்ற சாயம் உண்டு. இலையை அரைத்து எலுமிச்சைச் சாறு விட்டால் அது வெளிப்பட்டு, தோலிலும் நகத்திலும் உள்ள கெரட்டின் என்னும் புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. கழுவியவுடன் தெரிவது ஆரஞ்சு நிறமே. காற்றுப் பட்டு ஓரிரு நாளில்தான் சிவப்பு முதிரும். உள்ளங்கைத் தோல் தடித்தது. ஆதலால் அங்கே நிறம் ஆழமாகும். நகச் சிவப்போ எளிதில் அழியாது. நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளர, அதனோடு நகர்ந்து வெட்டுப்பட்டுத்தான் போகும்.

அப்படியானால் ஒரு மணி நேரத்தில் கன்னங்கரேலென்று பிடிக்கும் 'கறுப்பு மருதாணி' எது? இலைக்கு அந்த நிறம் கிடையாது. அதில் பெரும்பாலும் கலந்திருப்பது முடிச்சாயத்தில் சேரும் பி.பி.டி. என்னும் ரசாயனம். இட்ட அன்று ஒன்றும் தெரியாமல் இருக்கலாம்; சில நாள் கழித்து, வரைந்த கொடியின் வடிவத்திலேயே கொப்புளம் எழக்கூடும். அந்த ஒவ்வாமை உடம்பை விட்டுப் போவதில்லை. பல ஆண்டு கழித்து நரைக்குச் சாயம் பூசும்போதும் முகம் வீங்கலாம். கோனில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்போம். இடுபவர் சொல்லத் தயங்கினால் கையை நீட்ட வேண்டாம்.