திரும்பத் திரும்ப அழைக்கும் கார் நிறுவனங்கள்: அலுப்பில் உரிமையாளர்கள்

மும்பை வடாலாவில், லாரி முனையத்தை ஒட்டி இயங்குகிறது கிழக்கு மும்பை வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். தகுதிச் சான்று பெறுவதற்காக இங்கு வரும் வாகனங்களில் பிரேக், விளக்கு, டயர், புகை என ஒவ்வொன்றும் சரிபார்க்கப்படுகிறது. ஆனால், அந்த வாகனத்தில் பழுதான பாகம் ஒன்று இருப்பதாக அதைத் தயாரித்த நிறுவனமே அறிவித்திருக்கிறதா, அறிவித்திருந்தால் அந்தப் பாகம் மாற்றப்பட்டுவிட்டதா என்ற கேள்வி மட்டும் அங்கு எழுவதில்லை.

இது வடாலாவுக்கு மட்டும் உரிய குறை அன்று. நாடெங்கும் இதே நிலைதான். என்றாலும் ஆன்டாப் ஹில், கோலிவாடா, மாட்டுங்கா, செம்பூர் எனத் தமிழர்கள் கணிசமாக வாழும் பகுதிகளுக்கு நடுவே இருக்கும் இந்த அலுவலகத்தின் வரிசையில் நிற்கும் கார்களைப் பார்த்தால், குறையின் அளவு புரியும். சொந்தக் கார், டாக்ஸி, இரண்டாம் கை, மூன்றாம் கை மாறிய கார் என எல்லாம் அங்கே உண்டு. இவற்றில் பலவும் கடந்த பத்து, பதினைந்து ஆண்டுகளில் ஏதேனும் ஒரு முறையாவது நிறுவனங்களின் 'திரும்பப் பெறும்' அறிவிப்புக்குள் வந்த ரகங்கள்.

'திரும்பப் பெறுதல்' என்ற சொல்லே வாசகரைக் குழப்புவதாக உள்ளது. காரை எடுத்துக்கொண்டு பணத்தைத் தரப் போகிறார்கள் என்று எண்ணுவோர் இன்றும் உண்டு. நடப்பது வேறு. உரிமையாளர் சர்வீஸ் மையத்துக்குத் தொலைபேசியில் பேசி நாள் குறிக்க வேண்டும். காரைக் கொண்டு செல்ல வேண்டும். பாகம் கையிருப்பில் இருந்தால் இலவசமாக மாற்றித் தருவார்கள். இல்லையென்றால் இன்னொரு நாள். பாகம் இலவசம்தான், உரிமையாளர் இழக்கும் நாளுக்கு விலை இல்லை. அன்றாடம் காரை ஓட்டிப் பிழைப்பவருக்கு அது ஒரு நாள் வருமானம்.

ஒரு முறை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஒரே காருக்கு மூன்று முறை என்றால்?

மாருதி சுசூகியின் வாகன்ஆர் காரை எடுத்துக்கொள்வோம். 2018 நவம்பர் 15 முதல் 2019 ஆகஸ்ட் 12 வரை தயாரான, 1 லிட்டர் எஞ்சின் கொண்ட 40,618 வாகன்ஆர் கார்களை அந்நிறுவனம் 2019 ஆகஸ்டில் அழைத்தது. எரிபொருள் குழாய், உலோகப் பிடி ஒன்றில் உரசக்கூடும் என்பது காரணம். அடுத்த ஆண்டு ஜூலையில் மீண்டும் ஓர் அறிவிப்பு. இம்முறை எரிபொருள் பம்ப். 56,663 வாகன்ஆர், 78,222 பலேனோ என மொத்தம் 1,34,885 கார்கள். வாகன்ஆரைப் பொறுத்தவரை, இதிலும் தயாரிப்புக் காலம் அதே 2018 நவம்பர் 15-இல்தான் தொடங்குகிறது; 2019 அக்டோபர் 15 வரை நீள்கிறது. 2024 மார்ச்சில் மூன்றாவது அழைப்பு. 2019 ஜூலை 30 முதல் நவம்பர் 1 வரை தயாரான 11,851 பலேனோ, 4,190 வாகன்ஆர் கார்களில் எரிபொருள் பம்பின் மோட்டாரில் குறை இருக்கக்கூடும் என்று கூறப்பட்டது.

தேதிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். 2019 ஜூலை 30-க்கும் ஆகஸ்ட் 12-க்கும் இடைப்பட்ட இரு வாரங்களில் ஆலையை விட்டு வெளியேறிய ஒரு வாகன்ஆர், இந்த மூன்று அறிவிப்புகளின் கால வரம்புக்குள்ளும் வருகிறது. ஐந்து ஆண்டுகளுக்குள் மூன்று அழைப்புகள். மூன்றும் எரிபொருள் செல்லும் வழியைப் பற்றியவை.

ஹோண்டாவின் கதையும் ஏறக்குறைய இதுவே. எரிபொருள் பம்புக்காக 2020 ஜூனில் 65,651 கார்கள், 2021 ஏப்ரலில் 77,954 கார்கள், 2024 அக்டோபரில் 92,672 கார்கள் என மூன்று முறை அறிவிப்பு வெளியானது. கடைசி அறிவிப்பில் இடம்பெற்ற 2,204 கார்கள் தனிக் கவனத்துக்குரியவை. முன்பே இந்தப் பாகம் மாற்றப்பட்ட கார்கள் அவை. மாற்றிப் பொருத்திய பாகத்தையும் மாற்ற வேண்டும் என்றால், உரிமையாளர் எதை நம்புவார்?

பம்ப் பழுதானால் ஓடும்போதே எஞ்சின் நின்றுவிடலாம். தெருமுனையில் நின்றால் நான்கு பேர் தள்ளி ஓரங்கட்டலாம். வடாலாவை ஒட்டிச் செல்லும் கிழக்கு விரைவு மேம்பாலச் சாலையில், பின்னால் வேகமாக வாகனங்கள் வந்துகொண்டிருக்க, திடீரென நின்றால் என்ன ஆகும் என்பதை மும்பைவாசிகளுக்கு விளக்கத் தேவையில்லை.

ஈரக்காற்றும் காற்றுப்பையும்

மும்பை போன்ற கடலோர நகரங்களுக்கு இந்தப் பிரச்னையில் தனிப்பட்ட அக்கறை இருக்க இன்னொரு காரணமும் உண்டு. உலகம் கண்ட மிகப் பெரிய வாகனப் பாக விவகாரம், ஜப்பானின் தகாதா நிறுவனம் தயாரித்த காற்றுப்பை பற்றியது. விபத்தின்போது பையை நொடியில் ஊதச் செய்வதற்கு அந்நிறுவனம் அம்மோனியம் நைட்ரேட் கலந்த வேதிப்பொருளைப் பயன்படுத்தியது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடங்களில் ஆண்டுக்கணக்கில் இருந்தால் அந்தப் பொருள் தன்மை மாறிவிடுகிறது. பிறகு அது எரியும் வேகம் கட்டுக்குள் நிற்பதில்லை. உலோக உறை வெடித்து, சிதறும் துண்டுகள் உயிர் காக்க வேண்டிய பையைக் கிழித்துக்கொண்டு ஓட்டுநர் மீதே பாய்கின்றன. அமெரிக்காவில் மட்டும் 25-க்கும் மேற்பட்டோர் இதனால் உயிரிழந்தனர். உலகெங்கும் சுமார் 10 கோடி காற்றுப்பைகள் மாற்றப்பட வேண்டிய நிலை ஏற்பட்டது. தகாதா நிறுவனம் 2017-இல் திவாலானது.

இந்தியாவில் இதற்காக அதிகக் கார்களை அழைத்த நிறுவனம் ஹோண்டா. 2015 செப்டம்பரில் 2,23,578. 2016 ஜூலையில் 1,90,578. 2017 ஜனவரியில் 41,580. 2018 ஜனவரியில் 22,834 என அழைப்புகள் தொடர்ந்தன. எந்த ஆண்டில் தயாரான கார் என்பதைப் பொறுத்துப் பட்டியல் தவணை முறையில் நீண்டதால், முதல் அறிவிப்பில் தம் கார் இல்லை என்று நிம்மதி அடைந்தவர்கள் அடுத்ததில் மாட்டிக்கொண்டனர்.

அமெரிக்காவில் புளோரிடா போன்ற ஈரப்பதம் மிகுந்த மாநிலங்களுக்கு முன்னுரிமை அளித்து இந்தப் பைகள் மாற்றப்பட்டன. ஒரு பக்கம் துறைமுகமும் மறு பக்கம் உப்பளங்களும் சூழ்ந்த வடாலா, அந்தக் கணக்குப்படி முன்வரிசையில் நிற்க வேண்டிய ஊர். ஆனால், இங்குள்ள கார்களில் எத்தனையில் பை மாற்றப்பட்டது என்று கேட்டால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஏட்டில் விடை கிடைக்காது.

அழைப்பு யாரைச் சென்றடைகிறது என்பதும் முக்கியம். காரை முதலில் வாங்கியவர் ஷோரூமில் கொடுத்த முகவரிக்கும் தொலைபேசி எண்ணுக்கும்தான் நிறுவனம் தகவல் அனுப்புகிறது. கார் கைமாறி, வெளி மெக்கானிக்கிடம் சர்வீஸ் செய்யப்படும் நிலையில், இரண்டாவது உரிமையாளருக்குச் செய்தித்தாளே துணை. இன்றைய உரிமையாளரின் பெயரும் முகவரியும் அரசின் 'வாகன்' தகவல் தளத்தில் இருக்கின்றன. ஒரு கையில் பழுதுப் பட்டியல், மறு கையில் முகவரிப் பட்டியல். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதற்குத்தான் ஆள் இல்லை.

ஜப்பானில் இந்த இடைவெளியை அடைத்துவிட்டார்கள். தகாதா காற்றுப்பையை மாற்றாத கார்களுக்குக் கட்டாயத் தகுதிச் சோதனையில் தேர்ச்சி கிடையாது என்று 2018 மே முதல் அந்நாட்டு அரசு நடைமுறைப்படுத்தியது. ஜெர்மனியில், கடுமையான பழுதைச் சரிசெய்ய வராத காரின் பதிவை முடக்கும் அளவுக்கு அதிகாரிகளால் செல்ல முடியும். உரிமையாளருக்கு இதனால் சிரமம்தான். ஆனால், அங்கே பொறுப்பு மூவருக்கும் பிரித்துத் தரப்பட்டிருக்கிறது: நிறுவனம், அரசு, உரிமையாளர்.

சட்டம் வந்தது, வரம்பும் வந்தது

நம் நாட்டில் நீண்ட காலம் இதற்குச் சட்டமே இல்லை. 2010 மார்ச்சில், ஷோரூமிலிருந்து எடுத்து வந்த புத்தம் புதிய டாடா நானோ கார் ஒன்று மும்பையில், வீடு போய்ச் சேரும் முன்பே தீப்பற்றி எரிந்தது நினைவிருக்கலாம். அந்த ஆண்டு நவம்பரில், 70,000-க்கும் மேற்பட்ட நானோ உரிமையாளர்களுக்குப் புகைபோக்கி, மின் இணைப்புப் பகுதிகளில் கூடுதல் பாதுகாப்பை இலவசமாகப் பொருத்தித் தர நிறுவனம் முன்வந்தது. எனினும் இது 'திரும்பப் பெறுதல்' அல்ல என்று வலியுறுத்திக் கூறியது. அந்தச் சொல்லுக்கு நிறுவனங்கள் அவ்வளவு அஞ்சிய காலம் அது.

2012 ஜூலையில் வாகன உற்பத்தியாளர் சங்கம் தானாகவே ஒரு நெறிமுறையை வகுத்துக்கொண்டது. மறு ஆண்டே இரு பெரிய அறிவிப்புகள் வெளியாயின. சென்னையை அடுத்த மறைமலைநகரில் தயாரான ஃபிகோ, கிளாசிக் கார்கள் 1,66,021-ஐ ஃபோர்டு அழைத்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1.14 லட்சம் டவேரா வாகனங்களை அழைத்தது. புகை வெளியேற்ற விதிகளை மீறியது தொடர்பான அந்த விவகாரத்தை ஆராய மத்திய அரசு குழு அமைத்தது. அதன் பின், 2017-இல் ஜெனரல் மோட்டார்ஸ் இந்தியாவில் கார் விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021-இல் இங்கு கார் தயாரிப்பைக் கைவிடுவதாக அறிவித்தது.

மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தை நாடாளுமன்றம் 2019-இல் நிறைவேற்றியபோதுதான், பழுதான வாகனங்களைத் திரும்பப் பெறுமாறு உத்தரவிடும் அதிகாரம் மத்திய அரசுக்குக் கிடைத்தது. கீழ்ப்படியாத நிறுவனத்துக்கு ரூ.100 கோடி வரை அபராதம் விதிக்க அதில் இடமுண்டு. 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, கட்டாயத்தின் பேரில் வாகனங்களைத் திரும்பப் பெறும் நிறுவனம் ரூ.10 லட்சம் முதல் ரூ.1 கோடி வரை செலுத்த வேண்டும். தானாக முன்வந்து அறிவித்தால் அபராதம் இல்லை. நிறுவனங்கள் முந்திக்கொள்ள வேண்டும் என்ற நோக்கில் இது நியாயமான ஏற்பாடே.

சிக்கல், புகார்க் கணக்கில் இருக்கிறது. ஆண்டுக்கு 10,000-க்கும் மேல் விற்கும் கார் ரகம் என்றால், அரசு விசாரணையைத் தொடங்க 1,250 உரிமையாளர்களின் புகார்கள் தேவை. ஒரே பழுதால் பாதிக்கப்பட்ட 1,250 பேர் நாட்டின் பல மூலைகளிலும் இருந்துகொண்டு, இணையதளத்தைத் தேடிக் கண்டுபிடித்து, தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டும். ஒருவருடைய கார் தீப்பற்றினால் அது ஒரு புகார், அவ்வளவே.

இதற்கு நேர்மாறான காட்சியை மும்பை 2023 பிப்ரவரியில் கண்டது. ஒரு மாதத்துக்குள் மூன்று சி.என்.ஜி. பேருந்துகள் தீப்பற்றியதும், அதே வகையைச் சேர்ந்த 400 வாடகைப் பேருந்துகளை 'பெஸ்ட்' நிர்வாகம் ஒரே உத்தரவில் சாலையிலிருந்து விலக்கியது. மூன்று சம்பவங்களே போதுமானவையாக இருந்தன. மொத்தமாக வாடகைக்கு எடுப்பவரின் சொல்லுக்கு இருக்கும் எடை, ஒற்றைக் காரை வாங்கியவரின் சொல்லுக்கு இல்லை.

தனி மனிதருக்கு எஞ்சியிருப்பது நுகர்வோர் ஆணையம். விபத்தில் காற்றுப்பை விரியாததால் காயமடைந்த ஒரு கிரெட்டா உரிமையாளர், ஹூண்டாய் நிறுவனத்துக்கு எதிராக தில்லியில் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. எந்த வேகத்தில், எவ்வளவு விசையுடன் மோதினால் பை விரியும் என்று கணக்கிட நுகர்வோர் இயற்பியல் நிபுணராக இருக்க வேண்டியதில்லை என்ற கருத்துடன், ரூ.3 லட்சம் இழப்பீட்டையும் மாற்று வாகனம் தரும் உத்தரவையும் 2022 ஏப்ரலில் நீதிமன்றம் உறுதி செய்தது. விபத்து நடந்தது 2017-இல். நீதி கிடைத்தது, நான்கு ஆண்டுகளுக்கும் மேலாக அலைந்த பிறகு.

திரும்பப் பெறும் அறிவிப்பையே குற்றமாகப் பேசுவதும் சரியன்று. குறையை மூடி மறைப்பதைவிட, ஒப்புக்கொண்டு அழைப்பது மேல். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் சாவித் துவாரப் பழுது பத்தாண்டுகளுக்கும் மேலாக நிறுவனத்துக்குள்ளேயே புதைந்து கிடந்து, 2014-இல் வெளிவந்தபோது 124 உயிர்கள் போயிருந்தன. உரிமையாளர்கள் கேட்பது, அழைக்காதீர்கள் என்பதன்று. ஒரே கோளாறுக்கு மூன்று முறை அழைக்காதீர்கள் என்பதே. அப்படி அழைத்தால் இழந்த நாள்களுக்கு ஈடு என்ன என்பதற்குச் சட்டத்திலும் விடை இல்லை. விதிகளிலும் விடை இல்லை.

பழைய கார் வாங்குவோர், பதிவுச் சான்றில் உள்ள 17 இலக்க அடிச்சட்ட எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் பதிந்து, நிலுவையில் அழைப்பு ஏதும் உள்ளதா என்று அறியலாம். பேரம் முடியும் முன் செய்ய வேண்டிய ஐந்து நிமிட வேலை இது.

மற்றொரு கணக்கையும் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் பார்க்க வேண்டும். கட்டாயத் திரும்பப் பெறுதல் விதி, ஏழு ஆண்டுகளுக்கு உட்பட்ட வாகனங்களுக்கு மட்டுமே பொருந்தும். மும்பையில் டாக்ஸிக்கான வயது வரம்போ 20 ஆண்டுகள். நகரின் கடைசி பிரீமியர் பத்மினி டாக்ஸி, 2003-இல் பதிவாகி 2023 அக்டோபர் வரை ஓடி ஓய்ந்தது. 2019 ஆகஸ்டில் தயாரான காருக்கு 2026 ஆகஸ்டுடன் அந்த விதியின் நிழல் விலகிவிடுகிறது. அதே ஆண்டில் பதிவான டாக்ஸி, வடாலா போன்ற அலுவலகங்களில் தகுதிச் சான்றைப் புதுப்பித்துக்கொண்டு 2039 வரை பயணிகளை ஏற்றிச் செல்லலாம்.