சேர்ப்பதா, மாற்றுவதா?

நமது சங்கத்தின் இரத்த தானப் பட்டியலைக் கணினியில் பராமரித்து வருபவன் அடியேன். செம்பூர், மாட்டுங்கா, தாராவி என்று பகுதிகள். ஒவ்வொரு பகுதிக்குள்ளும் பொறுப்பாளரின் எண். அதையடுத்து ஒவ்வொரு இரத்தப் பிரிவுக்கும் அன்பர்களின் வரிசை. பெட்டிக்குள் பெட்டி போன்ற இந்த அமைப்பை பிஎச்பி மொழியில் 'அரே' என்போம். ஆண்டுக்கொரு முறை திருத்தப் பட்டியல் வரும். அதைப் பழையதோடு இணைக்க வேண்டும். இந்தச் சின்ன வேலையில் நான் இருமுறை சறுக்கியிருக்கிறேன்.

முதல்முறை 'அரே மெர்ஜ் ரிகர்சிவ்' என்ற கட்டளையைக் கொடுத்தேன். ரிகர்சிவ் என்றால், உள்ளே பெட்டி இருந்தால் அதற்குள்ளும் புகுந்து அதே வேலையைச் செய்வது. இந்தக் கட்டளை எதையும் தூக்கி எறியாது. பொறுப்பாளரின் பழைய எண், புதிய எண் இரண்டையும் சேர்த்து ஒரு புது அரே ஆக்கிவிட்டது. அச்சில் எண் வரவேண்டிய இடத்தில் 'அரே' என்ற சொல்தான் விழுந்தது! "என்ன சார், நம்பர் கேட்டா இந்திக்காரன் மாதிரி 'அரே'ங்கறீங்க?" என்று நண்பர் ஒருவர் சிரித்தார்.

அடுத்த ஆண்டு 'அரே ரிப்ளேஸ் ரிகர்சிவ்'. 2009-இல் வந்த பிஎச்பி 5.3 பதிப்பில் சேர்ந்த கட்டளை இது. பழைய மதிப்பை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கும். பொறுப்பாளர் எண் சரியாகிவிட்டது. வரிசைதான் காலை வாரியது. வரிசையில் 0, 1, 2 என்ற இடமே அடையாளம். மாட்டுங்கா 'ஓ நெகட்டிவ்' வரிசையில் முன்பு மூவர்; திருத்தத்தில் இருவர். முதல் இரண்டு இடங்கள் மாறின. மூன்றாவதற்கு மாற்று இல்லாததால் பழைய பெயர் அப்படியே நின்றுவிட்டது.

அந்த மூன்றாமவர் முந்தைய ஆண்டே காலமானவர். ஓரிரவு யாரோ இரத்தம் தேடி அழைக்க, அவர் மனைவி போனை எடுத்திருக்கிறார். மறுநாள் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல தம்பி. அவங்களுக்கு வேற ஆள் கிடைச்சாங்களா?" என்றுதான் அந்த அம்மா கேட்டார். எனக்குப் பேச்சு வரவில்லை.

அதன் பிறகு ஒரு விதி வைத்துக்கொண்டேன். பகுதி, பிரிவு போலப் பெயருள்ள பெட்டியா? உள்ளே போய் ஒவ்வொன்றாகப் பார். எண் போன்ற ஒற்றை மதிப்பா? புதியதை வை. வரிசையா? உள்ளே போகாதே, பழையதை முழுவதும் எடுத்துவிட்டுப் புதியதை வை. இதற்கு ஏழெட்டு வரி நிரல் போதும். வரிசைதானா என்று கண்டறிய, 2021-இல் வந்த பிஎச்பி 8.1 பதிப்பில் 'அரே ஈஸ் லிஸ்ட்' என்ற கட்டளையே இருக்கிறது.

இரண்டு கட்டளைகளிலும் பிழையில்லை. சொன்னதை அவை செய்தன. பட்டியலில் ஒரு பெயர் இல்லாமல் போனால், அதை நீக்கு என்று பொருளா, இருந்தபடி விடு என்று பொருளா? கணினிக்கு அது தெரியாது. நாம்தான் முதலில் தீர்மானித்துச் சொல்ல வேண்டும்.