சுன்னத்தைத் தள்ளிப்போட்ட 42,000

டிசம்பர் விடுமுறையில் தங்கச்சியின் மகனுக்கு சுன்னத் செய்ய நாள் குறித்திருந்தோம். சொந்தபந்தங்களுக்குச் சொல்லி, சாப்பாட்டுக்கு ஆடும் பேசியாயிற்று. வைத்தியரிடம் போன இடத்தில், போன கிழமை பிள்ளைக்குக் காய்ச்சல் இருந்ததைத் தங்கச்சி பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். அவர் உடனே இரத்தப் பரிசோதனை எழுதினார். பிளேட்லட் எனும் குருதிச் சிறுதட்டுகள் 42,000தான். “இப்போது வேண்டாம்” என்றார்.

வீட்டில் எல்லோருக்கும் கோபம். “சின்ன வெட்டுத்தானே? பிளேட்லட் ஏற்றிவிட்டுச் செய்யலாமே?” என்றார்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். அவர் தந்த விளக்கம் நம் எல்லோருக்கும் பயன்படும்.

வெட்டுப்பட்ட இடத்தை முதலில் அடைப்பவை இந்தச் சிறுதட்டுகள். ஒரு மைக்ரோலீற்றர் குருதியில் 150,000 முதல் 450,000 வரை இருக்க வேண்டும். பெரும்பாலான சத்திரசிகிச்சைகளுக்குக் குறைந்தது 50,000 தேவை. மூளையில் செய்வதென்றால் 100,000 வரை எதிர்பார்ப்பார்கள்.

எண்ணிக்கை குறைந்தால் முதலில் அது உண்மையா என்று பார்க்க வேண்டும். சிலரது குருதி பரிசோதனைக் குழாயில் திரள்வதால் இயந்திரம் குறைத்துக் காட்டிவிடும். நுண்ணோக்கியில் பார்த்தால் தெரிந்துவிடும். உண்மையான குறைவு என்றால் காரணத்தைத் தேட வேண்டும். டெங்கு, மலேரியா, ஈரல் நோய், சில மருந்துகள் எனக் காரணங்கள் பல. சிலருக்கு உடலின் எதிர்ப்புச் சக்தியே சிறுதட்டுகளை அழிக்கும். அவர்களுக்கு வெளியிலிருந்து ஏற்றினாலும் அவையும் விரைவில் அழியும். மருந்து கொடுத்து உயர்த்த நாட்கள் எடுக்கும். டெங்கு என்றால் காய்ச்சல் தணிந்த பின் எண்ணிக்கை தானாகவே ஏறும். மேலும், ஏற்றும் சிறுதட்டுகளைச் சுமார் 5 நாட்களே வைத்திருக்க முடியும். அவை இரத்தம் கசிந்துகொண்டிருக்கும் நோயாளிக்கு உரியவை. காத்திருக்கக்கூடிய சுன்னத்துக்கு அல்ல.

மன்னாரில் மாரி மழையோடு டெங்கும் வரும். 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு இறுதியில் மன்னார் தீவிலேயே மலேரியாவைப் பரப்பக்கூடிய புதிய வகை நுளம்பு கண்டறியப்பட்டது. ஆகவே காய்ச்சலையும் வெளிநாட்டுப் பயணத்தையும் வைத்தியரிடம் மறைக்காதீர்கள்.

மூக்கால் இரத்தம் வடிதல், காரணமின்றித் தோலில் கண்டல், குடும்பத்தில் இரத்தம் நிற்காத நோய் ஆகியவற்றையும் சொல்லுங்கள். அஸ்பிரின், புரூபன் போன்றவை சிறுதட்டுகளின் வேலையைக் கெடுக்கும். ஆனால் இருதய நோயாளிகள் அஸ்பிரினைத் தாமாக நிறுத்தவும் கூடாது. ஹிஜாமா செய்பவர்களும் இதில் கவனமாக இருக்க வேண்டும். பப்பாசி இலைச் சாற்றைக் குடித்துவிட்டுப் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள்.

மூன்று கிழமைக்குப் பின் மருமகனின் எண்ணிக்கை 260,000. சுன்னத்தும் நல்லபடி முடிந்தது. நோயிருந்தால் அதைப் பிற்படுத்த மார்க்கத்திலும் இடமுண்டு. விருந்து பிந்தியதில் நமக்கு என்ன நட்டம்?