இரண்டு அங்குலப் பஞ்சு

கோவில்பட்டி நிலையத்தில் சென்னை செல்லும் இரவு வண்டிக்காகக் காத்து நிற்போரைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். சரக்குக் கொள்முதலுக்குச் செல்லும் வியாபாரி, மகன் வீட்டுக்குப் புறப்பட்ட வயோதிக உம்மா, கைக்குழந்தையுடன் ஓர் இளம் தாய். இவர்கள் ஒன்பது, பத்து மணி நேரம் எதன்மீது அமர்ந்து செல்கின்றனர் என்பது அற்ப விஷயமா?

மூன்றாம் வகுப்பின் அவலத்தை 1917ஆம் ஆண்டிலேயே காந்தியடிகள் எழுதினார். பம்பாயிலிருந்து சென்னைக்கு அவ்வகுப்பில் பயணம் செய்த அனுபவம் அதில் உண்டு. 1974இல் மூன்றாம் வகுப்பு ஒழிக்கப்பட்டது. ஆனால், ஒழிந்தது பெயர்தான், பலகை ஒழியவில்லை! 1977இல் ரயில்வே அமைச்சரான மது தண்டவதே, இயற்பியல் பேராசிரியராக இருந்தவர். இரண்டாம் வகுப்புப் படுக்கைகளில் இரண்டு அங்குல நுரைப்பஞ்சு வைக்க ஏற்பாடு செய்தவர் அவரே. ஏழையின் முதுகும் முதுகுதான் என்று எண்ணிய அமைச்சர்கள் எத்தனை பேர்?

அந்த இரண்டு அங்குலம் என்ன செய்கிறது? வெறும் பலகையில் அமரும்போது உடலின் பாரம் பெரும்பாலும் இடுப்பின் கீழுள்ள இரு எலும்பு முனைகளில் இறங்குகிறது. அவ்விடத்துச் சதை நசுங்கி, இரத்த ஓட்டம் குறைந்து, வலி தோன்றுகிறது. பஞ்சு அப்பாரத்தைப் பரப்பிவிடுகிறது. நாளடைவில் பஞ்சு தட்டையாகிவிட்டால் மீண்டும் பலகைதான். மேலே போர்த்திய ரெக்ஸின் துடைக்க எளிது. ஆனால் நம் கரிசல் சீமையின் சித்திரை வெயிலில் அதில் சாய்ந்தவர் நிலையைச் சொல்ல வேண்டுமா? செங்குத்தான சாய்மானம் இடுப்பின் இயல்பான வளைவைத் தாங்குவதில்லை. குள்ளமான பெண்களுக்குக் கால் தரையில் படாமல், இருக்கையின் விளிம்பு தொடையை அழுத்தும்.

லாலு பிரசாத் அமைச்சராயிருந்த காலத்தில் பக்கவாட்டில் நடுப்படுக்கை ஒன்றும் புகுத்தப்பட்டது. நிமிர்ந்து உட்காரவே இயலாத அவ்வேற்பாடு, எதிர்ப்பு மிகுந்து பெரும்பாலான வண்டிகளிலிருந்து அகற்றப்பட்டது. பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கையின் குறை வேறு: இரு இருக்கைகளை மடக்கிச் சேர்த்தால் நடுவே பள்ளம் விழும். அதன்மேல் விரித்துக்கொள்ளத் தனிப்பலகை அமைத்த புதிய வடிவை ரயில்வே 2020 டிசம்பரில் காட்டியது. இத்தனை எளிய தீர்வுக்கு இவ்வளவு காலம்!

வீட்டுப் பெரியவர்களை அனுப்பும்போது முன்பதிவில் கீழ்ப்படுக்கை ஒதுக்கீட்டைக் கேளுங்கள். தனித்தோ இருவராகவோ செல்லும் 60 வயது நிறைந்த ஆடவருக்கும் 45 வயது நிறைந்த பெண்டிருக்கும் அது உண்டு. நான்காக மடித்த ஜமுக்காளம் ஒன்று, இடுப்புக்குப் பின் சுருட்டி வைக்க ஒரு துண்டு, கால் எட்டாதவர் பாதத்தின் கீழ் ஒரு பை, இவை போதும். மணிக்கொரு முறை எழுந்து நிற்கச் சொல்லுங்கள்.

இருக்கை கிழிந்திருந்தால் 139 என்ற எண்ணில் பெட்டியின் எண்ணுடன் முறையிடலாம். பெட்டியின் வெளிச்சுவரில் எழுதப்பட்ட அவ்வெண்ணின் முதலிரு இலக்கங்கள், பொதுவாக அது கட்டப்பட்ட ஆண்டைக் குறிக்கும். ஏறுமுன் ஒருமுறை பாருங்கள்; தாங்கள் அமரப்போகும் பெட்டியின் வயது தெரிந்துவிடும்.