இன்சூரன்ஸ் பணம் கம்பெனி கட்ட வேண்டியது

சிங்கப்பூருக்குக் கட்டட வேலை, கப்பல் பட்டறை வேலை என்று போனவர்களிடம் மருத்துவக் காப்பீடு இருக்கிறதா என்று கேட்டால், பெரும்பாலும் வருகிற பதில் ‘கம்பெனியில் ஏதோ பிடிக்கிறார்கள்’ என்பதுதான். எவ்வளவு பிடிக்கிறார்கள், எதற்காகப் பிடிக்கிறார்கள், எந்த நிறுவனத்தின் பாலிசி என்று அடுத்த கேள்வி கேட்டால் பதில் இல்லை. இந்த அலட்சியம் உயிரோடு விளையாடுவது. வொர்க் பெர்மிட்டிலும் எஸ் பாஸிலும் இருக்கும் தொழிலாளிக்கு மருத்துவக் காப்பீடு எடுப்பது முதலாளியின் கடமை. அந்த பிரீமியத்தில் ஒரு வெள்ளியைக்கூட (சிங்கப்பூர் டாலர்) தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. வெளிநாட்டு மனிதவளச் சட்டத்தின் கீழ் பெர்மிட்டோடு வரும் நிபந்தனை இது. இந்தியத் தொழிலாளிக்காக முதலாளி அரசுக்குக் கொடுக்கும் 5,000 வெள்ளி பிணைத் தொகைக்கும் இதே விதிதான். ‘பாண்டு பணம்’ என்று சொல்லி யாரும் உங்களிடம் வாங்க முடியாது. சம்பளச் சீட்டில் ஒவ்வொரு கழிவையும் தனித்தனியாக எழுதிக் காட்ட வேண்டும் என்பதும் 2016 முதல் அங்கே சட்டம். ஆகவே கழிவுப் பகுதியில் ‘இன்சூரன்ஸ்’ என்ற சொல் இருந்தால் அந்தச் சீட்டே சாட்சி. அதைக் கசக்கி எறியாதீர்கள்.

பிரீமியம் ஏன் ஏறுகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அரசு மருத்துவமனைகளில் வெளிநாட்டுத் தொழிலாளிக்கு மானியம் கிடையாது, முழுக் கட்டணம்தான். 2010 முதல் ஆண்டுக்கு 15,000 வெள்ளிக்குக் காப்பீடு இருந்தால் போதும் என்று வைத்திருந்தார்கள். மருத்துவமனைக் கட்டணம் ஏறிக்கொண்டே போக, இந்த வரம்பு மட்டும் 13 ஆண்டுகள் அசையவில்லை. மூளையில் ரத்தக் கசிவு, நெஞ்சு வலி என்று ஒருவர் படுத்தால் 15,000 வெள்ளி சில நாள்களில் கரைந்துவிடும். மீதிக்கு முதலாளி கையை விரிப்பார். மனிதவள அமைச்சு 2023 ஜூலை 1 முதல்தான் வரம்பைக் குறைந்தது 60,000 வெள்ளி ஆக்கியது. முதல் 15,000 வெள்ளியைக் காப்பீட்டு நிறுவனம் முழுதாகக் கொடுக்கும். அதற்கு மேல் போனால் நிறுவனம் 75 விழுக்காடு, முதலாளி 25 விழுக்காடு. இந்தக் கணக்கில் தொழிலாளியின் பங்கு என்று ஒன்று இல்லை. 2025 ஜூலை 1 முதல் காப்பீட்டு நிறுவனம் மருத்துவமனைக்கே நேராகப் பணம் கட்ட வேண்டும் என்பதும், 50 வயதுக்கு மேற்பட்டவருக்குத் தனி பிரீமியம் என்பதும் நடைமுறைக்கு வந்தன. வயதானவருக்கான கூடுதல் பிரீமியமும் முதலாளியுடையதே.

ஒரே ஒரு வாசல் திறந்திருக்கிறது. அதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கட்டாயக் காப்பீட்டு வரம்பைத் தாண்டும் செலவில் ஒரு பகுதியைத் தொழிலாளி ஏற்கலாம் என்று விதி அனுமதிக்கிறது. ஆனால் அது மாதச் சம்பளத்தில் 10 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. எல்லாம் சேர்த்து ஆறு மாதத்துக்கு மேல் நீளக் கூடாது. வேலை ஒப்பந்தத்தில் வெளிப்படையாக எழுதியிருக்கவும் வேண்டும். எனவே ஒப்பந்தத்தில் ‘மெடிக்கல்’ என்று வரும் பத்தியை யாரையாவது படித்துச் சொல்லச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஏஜென்ட் அவசரப்படுத்துவார். அவருடைய அவசரம் அவருடைய கமிஷனுக்காக.

இந்தக் காப்பீடு மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கும், காலையில் போய் மாலையில் திரும்பும் அறுவை சிகிச்சைக்கும்தான். காய்ச்சல், இருமல், சர்க்கரை மாத்திரைக்கு வேறு ஏற்பாடு. பெரிய டார்மிட்டரிகளில் தங்கியிருப்பவர்களுக்கும், கட்டுமானம், கப்பல் பட்டறை, ஆலை அமைப்பு வேலைகளில் இருப்பவர்களுக்கும் 2022 ஏப்ரல் முதல் ‘பிரைமரி கேர் பிளான்’ கட்டாயம். ஆளுக்கு ஆண்டுக்கு 108 முதல் 138 வெள்ளி வரை என்று விலை வைத்துத் தொடங்கிய இந்தத் திட்டத்தையும் முதலாளிதான் வாங்க வேண்டும். தொழிலாளி கொடுப்பது டாக்டரை நேரில் பார்த்தால் 5 வெள்ளி, போன் வழியாகப் பார்த்தால் 2 வெள்ளி. இத்தனை மலிவாக இருந்தும் ‘ஒரு நாள் சம்பளம் போய்விடும்’ என்று பனடால் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். முற்றிய நோயோடு கடைசியில் ஆம்புலன்சில் போகிறவர்களும் அவர்கள்தான்.

எல்லாவற்றிலும் பெரிய கோட்டைவிடல் விபத்தில் நடக்கிறது. வேலையில் அடிபட்டவருக்கான காப்பீடு முற்றிலும் வேறு. அது வேலைக் காயம் இழப்பீட்டுச் சட்டத்தின்படி எடுப்பது. சாரத்திலிருந்து விழுந்தவருக்கு யார் தவறு என்று நிரூபிக்காமலே அதில் பணம் கிடைக்கும். 2025 நவம்பர் 1 முதல் நடக்கும் விபத்துகளுக்குச் சிகிச்சைச் செலவு ஓராண்டு வரை அல்லது 53,000 வெள்ளி வரை. அதோடு எம்.சி. (டாக்டர் எழுதிக் கொடுக்கும் மருத்துவ விடுப்புச் சான்று) நாள்களுக்குச் சம்பளம் உண்டு: மருத்துவமனையில் சேராவிட்டால் 14 நாள் வரை, சேர்ந்தால் 60 நாள் வரை முழுச் சம்பளம், பிறகு ஓராண்டு வரை மூன்றில் இரண்டு பங்கு. கை கால் விளங்காமல் போனால் நிரந்தர ஊன இழப்பீடு தனி. சாதாரண மருத்துவக் காப்பீட்டில் சிகிச்சை மட்டும் உண்டு, இழப்பீடு கிடையாது. இதனால்தான் சில சூப்பர்வைசர்கள், அடிபட்டவரை லாரியில் ஏற்றிக்கொண்டு போகும்போதே, ‘ரூமில் வழுக்கி விழுந்தேன் என்று சொல், மற்றதைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும்’ என்று காதில் ஓதுகிறார்கள். அவசரப் பிரிவில் பதிவு மேசையில் இருப்பவர் ‘எங்கே விழுந்தீர்கள், எத்தனை மணிக்கு’ என்று கேட்டு நாலே வரி தட்டச்சு செய்வார். அந்த நாலு வரியை வைத்துத்தான் பின்னால் வழக்கே நடக்கும். ‘ரூம்’ என்று ஒரு சொல் ஏறிவிட்டால், பிறகு ‘சைட்டில்தான் விழுந்தேன்’ என்று சொல்கிறவரைப் பார்த்து எல்லாரும் சந்தேகப்படுவார்கள். விழுந்த இடத்தை விழுந்தபடி சொல்லுங்கள். ஆங்கிலம் வராவிட்டால் தமிழ் தெரிந்தவரைக் கேளுங்கள். தமிழ் அந்த நாட்டின் ஆட்சிமொழிகளில் ஒன்று. கம்பெனி டாக்டர் எலும்பு முறிவுக்கு ‘லைட் டியூட்டி’ எழுதிக் கொடுத்தால், நீங்களே அரசு மருத்துவமனைக்குப் போகலாம்.

‘கேள்வி கேட்டால் பெர்மிட்டை ரத்து செய்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்’ என்று சொல்வார்கள். இந்தப் பயம் பொய்யல்ல. பெர்மிட்டை ரத்து செய்யும் உரிமை முதலாளிக்கு இருக்கிறது, கடன் வாங்கிப் போனவருக்கு அது பெரிய அடி. ஆனால் பெர்மிட் போனாலும் விபத்து இழப்பீட்டு உரிமை போகாது. விபத்து நடந்து ஓராண்டுக்குள் கோரிக்கை வைத்தால் போதும். வழக்கு முடியும் வரை தங்குவதற்கு ஸ்பெஷல் பாஸ் தருகிறார்கள். வலுக்கட்டாயமாக விமான நிலையத்துக்குக் கூட்டிப் போனாலும், குடிநுழைவு அதிகாரியிடம் ‘என் காயத்துக்கான வழக்கு பாக்கி இருக்கிறது’ என்று சொல்ல வேண்டும். பேசாமல் விமானம் ஏறிவிட்டால் ஊரில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் நடத்த வேண்டியிருக்கும்.

‘செலவு கூடினால் சின்ன கம்பெனி எங்கே போகும், கடைசியில் அது சம்பளத்தில்தானே விழும்’ என்று முதலாளிகள் பக்கம் பேசுகிறவர்களும் உண்டு. தொழிலாளியின் சிகிச்சைச் செலவுக்குச் சட்டப்படி பொறுப்பு முதலாளிதான். காப்பீடு இல்லாவிட்டால் முழுத் தொகையும் அவர் தலையில் விழும். ஆண்டுக்குச் சில நூறு வெள்ளி பிரீமியம் முதலில் காப்பாற்றுவது அவரைத்தான். சம்பளமும் அவர் இஷ்டத்துக்குக் குறைக்கிற ஒன்றல்ல. பெர்மிட்டுக்கு முன் வரும் ஐ.பி.ஏ. (கொள்கையளவு ஒப்புதல்) கடிதத்தில் போட்ட சம்பளத்தைக் குறைக்க வேண்டுமென்றால் உங்கள் எழுத்துப்பூர்வ சம்மதமும் வேண்டும், அமைச்சுக்குத் தெரிவிக்கவும் வேண்டும். அந்தக் கடிதம் தமிழிலும் வருகிறது. படிக்காமல் மடித்துப் பைக்குள் வைக்கிறவர்களை என்ன சொல்வது?

நம் நாட்டு அதிகாரிகளின் அக்கறை இதில் போதாது. வளைகுடாவுக்குக் குடியகல்வு அனுமதியோடு போகிறவருக்காவது 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்புள்ள பிரவாசி பாரதிய பீமா யோஜனா கட்டாயம். அனுமதி வேண்டிய 18 நாடுகளின் பட்டியலில் சிங்கப்பூர் இல்லை. ஆகவே அங்கே போகிறவருக்கு அந்தப் பாலிசி கட்டாயமில்லை, புறப்படும் முன் உட்கார வைத்து விளக்குவாரும் இல்லை.

எனவே நீங்களே செய்ய வேண்டியதைச் செய்யுங்கள். ஐ.பி.ஏ. கடிதம், ஒப்பந்தம், மாதாமாதம் சம்பளச் சீட்டு, ஒவ்வொரு எம்.சி. ஆகியவற்றைப் படம் எடுத்து ஊரில் மனைவிக்கோ அண்ணனுக்கோ அனுப்பி வையுங்கள். போன் தொலையும், டார்மிட்டரி பெட்டியும் தொலையும். காப்பீட்டு நிறுவனத்தின் பெயரையும் பாலிசி எண்ணையும் கம்பெனியிடம் உடம்பு நன்றாக இருக்கும்போதே கேட்டு வாங்குங்கள். அடிபட்டால் அன்றே சூப்பர்வைசருக்குச் செய்தியாக எழுதி அனுப்புங்கள், எம்.சி.யோ லைட் டியூட்டியோ கொடுத்த எந்தக் காயத்தையும் முதலாளி 10 நாளுக்குள் அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் தெரிவிக்காவிட்டால் நீங்களே தெரிவிக்கலாம். கம்பெனியின் உத்தரவாதக் கடிதம் வராமல் ஆபரேஷன் தள்ளிப்போனால் மருத்துவமனையிலேயே உள்ள மருத்துவ சமூகப் பணியாளரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். கம்பெனி மழுப்பினால் மனிதவள அமைச்சின் எண் 6438 5122. வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் 24 மணி நேர உதவி எண் 6536 2692.

எம்ப்ளாய்மென்ட் பாஸில் போகும் பொறியாளர்களுக்கு ஒரு வார்த்தை: மேலே சொன்ன கட்டாய மருத்துவக் காப்பீடு உங்களுக்குக் கிடையாது. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் உண்டு. எழுதியிராவிட்டால், விமானம் ஏறும் முன் நீங்களே ஒரு பாலிசி எடுத்துக்கொள்ளுங்கள்.