ரொட்டோகாசு மொழி

ரொட்டோகாசு மொழி என்பது பசிபிக் பெருங்கடலிலுள்ள பூகன்வில் தீவின் மலைப்பாங்கான உட்பகுதியில் பேசப்படும் ஒரு பப்புவ மொழியாகும். இத்தீவு பப்புவா நியூ கினி நாட்டின் தன்னாட்சிப் பகுதியைச் சேர்ந்தது. 1981 ஆம் ஆண்டுக் கணக்கின்படி இம்மொழியைப் பேசுவோர் ஏறத்தாழ 4,300 பேர் ஆவர். மிகக் குறைந்த ஒலியன்களைக் (பொருளை வேறுபடுத்தும் ஒலிகளை) கொண்ட மொழிகளுள் ஒன்றாக இது அறியப்படுகிறது.

வகைப்பாடு

பப்புவ மொழிகள் என்பது ஒரே மூலத்திலிருந்து கிளைத்த குடும்பத்தின் பெயர் அன்று. நியூ கினியிலும் அதனை அடுத்த தீவுகளிலும் வழங்கும், ஆசுத்திரோனேசியக் குடும்பத்தைச் சேராத மொழிகளை இப்பெயர் பொதுவாகக் குறிக்கிறது. ரொட்டோகாசு, வடக்கு பூகன்வில் மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது.

ஒலியமைப்பு

நடு ரொட்டோகாசு வழக்கில் 5 உயிரொலிகளும் 6 மெய்யொலிகளும் உள்ளன. இதழ், நுனிநா, கடைநா ஆகிய மூன்று இடங்களிலும் குரலிலா ஒலி ஒன்றும் குரலுடை ஒலி ஒன்றும் பிறக்கின்றன. ம, ந போன்ற மூக்கொலிகள் தனி ஒலியன்களாக இல்லை. 1969 ஆம் ஆண்டில் இதனை விளக்கிய பிர்ச்சோ இணையர், வெளியார் தம் மொழியைப் பேசும் விதத்தை நடித்துக் காட்டும்போதே இம்மக்கள் பெரும்பாலும் மூக்கொலிகளைப் பயன்படுத்துவதாகக் குறிப்பிட்டுள்ளனர்.

ஆயினும், இதே மொழியின் ஐத்தா வழக்கில் மூன்று மூக்கொலிகள் உண்டு. இதனை 2006 இல் இசுட்டூவர்ட் இராபின்சன் விளக்கினார். ஐத்தாவில் வேறுபட்டு நிற்கும் குரலுடை ஒலியும் மூக்கொலியும் நடு வழக்கில் ஒரே ஒலியாக உள்ளன. நடு வழக்குச் சொல்லைக் கொண்டு, ஐத்தாவில் எந்த ஒலி வரும் என ஊகிக்க இயலாது. எனவே மூல மொழியில் மூக்கொலிகள் இருந்தன என்றும், நடு வழக்கு பின்னர் அவற்றை இழந்தது என்றும் அவர் முடிவு செய்தார். குறைந்த ஒலியன்கள் இம்மொழியின் தொன்மைக்கு அடையாளம் அல்ல என்பது இதனால் விளங்கும்.

எழுத்துமுறை

நடு வழக்கு 12 இலத்தீன் எழுத்துகளால் எழுதப்படுகிறது. ஒலியன்கள் 11 ஆயினும், ஓர் ஒலியனுக்கு மட்டும் இரண்டு எழுத்துகள் உள்ளன. டகர ஒலி, இகரத்துக்கு முன் சகரம் போல் ஒலிப்பதே இதற்குக் காரணம். நெட்டுயிர்கள் எழுத்தை இரட்டித்துக் காட்டப்படுகின்றன.

இலக்கணம்

ஒலியன்கள் சிலவே எனினும் இதன் இலக்கணம் எளிதன்று. எழுவாய், செயப்படுபொருள், வினை என்பது வழக்கமான சொல்லொழுங்கு. ஒருமை, இருமை, பன்மை என எண் மூன்று; ஆண், பெண், பொது எனப் பால் மூன்று. வினைச்சொற்கள் இடமும் எண்ணும் காலமும் காட்டும் விகுதிகளை ஏற்கின்றன. இவ்விகுதிகள் இரு தொகுதிகளாக உள்ளன. எத்தொகுதி வரும் என்பதை வினையே தீர்மானிக்கிறது.